பாவாயிக்குப் பிடித்த கீரை

சத்தியம் தம்பி! நூற்றுக்கு நூறு சத்தியம்! ஜன்னல் வழியாகச் சங்ககிரி மலை தெரிகிறது பாருங்கள், அதன் மேல் ஆணை. நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் இந்த பஸ் எடப்பாடிகூடப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுபோகட்டும். கண்டக்டர் முறைக்கிறார். முறைக்கட்டும். சத்தியத்தை முனகலாகவா செய்ய முடியும்?

இப்படி ஆணையிடக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி ஒன்றுதான் சொல்வார்கள், அந்த ஆள் வாயைத் திறந்தால் புளுகு என்று. லாரி ஓட்டினவன் தம்பி நான். பாதி ஆயுசு வடக்கே லைன்தான். கல்கத்தா, பாட்னா, கௌஹாத்தி. ஒரு லோடை இறக்கிவிட்டு அடுத்த லோடு கிடைக்கும் வரைக்கும் டிரைவர்கள் எல்லோரும் மரத்தடியில் கிடப்போம். பேசாமல் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் பேசினேன். பீகாரில் ஒரு முள்ளங்கி வாங்கினேன், மலை ஏற்றத்தில் பிரேக் பிடிக்காத வண்டிக்கு அதைத்தான் டயருக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன் என்று சொன்னேன். நம்பினார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. முள்ளங்கி பெரிசுதான். முட்டுக் கொடுத்தது மட்டும் கல்.

இது அப்படிப்பட்ட கதை இல்லை. இது இந்த வருஷம் நடந்தது, என் வீட்டில், என் தட்டில்.

போன வருஷம் ஆவணியில் என் வீட்டுக்காரி பாவாயி போய்ச் சேர்ந்தாள். மகன் கதிரேசனுக்குக் கல்யாணம் முடித்த கொஞ்ச நாளில். மருமகள் சுகிர்தா மாமியாரோடு சரியாகப் புழங்கக்கூட இல்லை, அதற்குள் ஆஸ்பத்திரி, பிறகு படத்துக்கு மாலை. அதிலிருந்து எனக்கு நாக்கு செத்துப்போயிற்று தம்பி. மருமகள் நன்றாகத்தான் சமைப்பாள். குறை சொல்ல முடியாது. ஆனால் எதைப் போட்டாலும் ஈரத் துணியை மெல்லுவதுபோல இருக்கும். தின்றேன், எழுந்தேன், கை கழுவினேன். அவ்வளவுதான்.

சுகிர்தா சேலத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஹாஸ்டலில் இருந்தவள். கூட இருந்தது ஒரு மணிப்பூர்ப் பெண்ணாம். அவளிடம் என்னென்னவோ கற்றுக்கொண்டிருக்கிறாள். பங்குனி மாசத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பையில் ஒரு கீரையைக் கொண்டுவந்தாள். கீரை என்று சொல்வதா, கோசு என்று சொல்வதா? அடியில் வெள்ளை வெளேரென்று தண்டு, கரண்டி மாதிரி குழிந்து ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே கரும்பச்சை இலை. உயரம் ஒரு சாண்.

"என்ன அம்மிணி இது?"

"பாக் சோய்னு பேருங்க மாமா. சீனாக்காரங்க, கொரியாக்காரங்க எல்லாரும் திம்பாங்க."

"கோசுக்கும் தண்டங்கீரைக்கும் ஊருக்குத் தெரியாமக் கல்யாணம் ஆயிருச்சாட்ட இருக்குது. இதை நான் திங்க மாட்டேன். எனக்கு ரசம் போதும்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாய்தான் தம்பி எனக்கு எதிரி.

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இலை இலையாகப் பிரித்துக் கழுவினாள். அடித்தண்டின் குழிக்குள் மண் ஒளிந்திருக்குமாம். சட்டியில் எண்ணெய் புகைகிற வரைக்கும் காய்ச்சி, தட்டின பூண்டு, கிள்ளின வரமிளகாய். முதலில் தண்டு மட்டும். அது சடசடவென்று சத்தம் போட்டு அடங்கினதும் இலை. இலை போட்டதும் ஒரு பிரட்டு, ஒரே ஒரு பிரட்டு, அடுப்பை அணைத்துவிட்டாள். கறுப்பாக ஏதோ சாஸ் ஒரு சொட்டு, நம்ம செக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி, வறுத்த எள்ளு. வெந்ததா என்று கேட்டேன். "இதுக்கு மேல வெந்தா செத்துருமுங்க மாமா" என்றாள்.

ரசம் ஊற்றிக்கொண்ட தட்டின் ஓரத்தில் சும்மா ஒரு தண்டை வைத்தாள். மரியாதைக்குக் கடித்தேன்.

நறுக்கென்றது தம்பி. கடித்த இடத்தில் இருந்து இளநீர் மாதிரி ஒரு சாறு. பின்னாலேயே பூண்டு, அதற்குப் பின்னால் எள்ளு. இலை நாக்கில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் வை என்று கேட்க வாய் துடித்தது. எப்படிக் கேட்பது? திங்க மாட்டேன் என்று சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதோடு, பெண்டாட்டி போய் வருஷம் திரும்பவில்லை, கிழவன் சப்புக்கொட்டிக்கொண்டு தின்கிறான் என்றால் என்ன நினைப்பார்கள்? "பரவால்ல, முழுங்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

மருமகள் அதோடு விட்டுவிட்டாள். மாமாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கீரை சேலத்தில் ஒரே ஒரு பெரிய கடையில்தான் கிடைக்குமாம், அதுவும் எப்போதாவது. நான் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "சீனாக்காரனுக்கு நல்ல ஒடம்பு, அவன் என்னதான் திங்கறானோ" என்றேன். அவள் நூடுல்ஸ் செய்து வைத்தாள். கோடை முழுக்க அப்படியே போயிற்று.

ஆவணி வந்தது. முதல் வருஷத் திதி. எங்கள் பக்கம் திதி என்றால் மந்திரமெல்லாம் கொஞ்சம்தான். போனவர்களுக்கு வாய்க்கு எது பிடித்ததோ அதைச் சமைத்து, தலைவாழை இலை போட்டுப் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். பீடி பிடித்தவருக்கு இலை ஓரத்தில் பீடிகூட வைப்பார்கள். வருஷத்தில் அன்றைக்குத்தான் வந்து தின்றுவிட்டுப் போகிறார்கள், அதில் குறை வைக்கலாமா?

சுகிர்தா என் முன்னால் வந்து நின்றாள். அப்போது அவளுக்கு வயிற்றில் ஐந்து மாசம். கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தது, எதைத் தின்றாலும் வாந்தி.

"மாமா, அத்தை கையால நான் நாலு நாள் நல்லாச் சாப்பிட்டதில்லைங்க. அவிங்களுக்கு என் கையால ஒருக்காவாச்சும் நல்லாப் பண்ணிப் போடோணும். அத்தைக்கு என்னங்க புடிக்கும்?"

தம்பி, நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். வாயில் அந்த நேரத்தில் என்ன இருந்ததோ அது வந்துவிட்டது.

"அந்தக் கீரைதான் அம்மிணி. நீ அன்னைக்குப் பண்ணுனியே, அந்தச் சீனாக் கீரை."

"பாக் சோயா? அத்தைக்கா?"

விட்டிருக்கலாம். மறந்து சொல்லிவிட்டேன் என்று சிரித்திருக்கலாம். ஆனால் ஒரு பொய் நட்டுவிட்டால் அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் எனக்கு இருக்கப் பிடிக்காது. ஊற்றினேன். கௌஹாத்தியில் வெள்ளம், பிரம்மபுத்திரா ரோட்டுக்கு ஏறிவிட்டது, வண்டி மாட்டிக்கொண்டது. ஒரு கிழவி தோணியில் வந்து இந்தக் கீரைக் கட்டை என் கையில் கொடுத்து, உன் பெண்டாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள். ஈரச் சாக்கில் சுற்றி லாரி கேபின் மேல் கட்டினேன். கங்கையில் ஒரு குடம், மகாநதியில் ஒரு குடம், கோதாவரி, கிருஷ்ணா என்று ஒவ்வொரு ஆற்றிலும் தண்ணீர் தெளித்து, சங்ககிரியில் வந்து இறக்கினபோது பறித்த மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தது. பாவாயி சமைத்து ஒரு வாய் தின்றாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்றாள்.

சுகிர்தா அழுதுவிட்டாள். "அன்னைக்கு நான் அதைப் பண்ணுனப்ப உங்க மூஞ்சியே மாறிப்போச்சுங்க மாமா. அத்தை ஞாபகமாத்தான் அப்படின்னு இப்பத்தானே தெரியுது" என்றாள்.

கதை நன்றாக வந்துவிட்டால் எனக்கு உள்ளே ஒரு பெருமை வரும். அன்றைக்கும் வந்தது. சொல்லவே கூசுகிறது தம்பி, ஆனால் வந்தது.

திதிக்கு முதல் நாள் சேலம் கடையில் அந்தக் கீரை இல்லை. நான் அதை எதிர்பார்த்துதான் இருந்தேன். இல்லாவிட்டால் முருங்கைக் கீரை வைத்துவிடலாம் என்று சொல்லவும் தயாராக இருந்தேன். மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? ஏற்காட்டில் ஒரு தோட்டக்காரர் பெரிய ஓட்டல்களுக்காக அதைப் போட்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்களாம். வயிற்றுப் பிள்ளைக்காரி, தனியாக பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே போய், வழியெல்லாம் வாந்தி எடுத்து, ஒரு கூடை வாங்கிக்கொண்டு இறங்கிவந்திருக்கிறாள். வீட்டு வாசலில் வந்து நின்றபோது முகம் அந்தத் தண்டு மாதிரியே வெளுத்திருந்தது. கூடையைக் காட்டி, "கெடைச்சிருச்சுங்க மாமா!" என்று சிரித்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம் இல்லையா? நீங்கள் அப்படித்தான் நினைக்கிறீர்கள். நினையுங்கள். நான் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். தளதளவென்று இருந்தது.

திதி அன்றைக்கு என் தங்கச்சி பழனாத்தாள் வந்தாள். எங்கள் தெருவிலேயே கடைசி வீட்டுக்கு வாக்கப்பட்டவள். அவள் வாய்க்கும் என் வாய்க்கும் ஒரே அச்சு, அவளுடையது மட்டும் நேராக ஓடும். அடுப்படியில் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏண்ணா, படையலுக்குப் பூண்டா?"

"உங்க அண்ணிக்குப் பூண்டு இல்லாம எறங்காது."

"எப்பருந்து?"

"எப்பவுமே."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்த் தேங்காய் உடைத்தாள்.

இலை போட்டு, சூடம் காட்டி, கும்பிட்டு, காக்காய்க்கு மொட்டைமாடியில் வைத்தோம். அந்தக் காக்காய் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வடையைத் தொடவில்லை, பாயசத்தைத் தொடவில்லை. நேராகப் போய் அந்தக் கீரைத் தண்டைக் கொத்திக்கொண்டு, என்னை ஒரு தரம் பார்த்து... சரி, பார்த்தது என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். கீரையைத் தின்றது நிஜம். சுகிர்தா கையைக் கூப்பிக்கொண்டு, "அத்தை வந்துட்டாங்க" என்றாள். பொய் சொன்னவனுக்குச் சாட்சி வந்து நின்றால் எப்படி இருக்கும்?

பிறகு பந்தி. நான், கதிரேசன், பழனாத்தாள். சுகிர்தா பரிமாறினாள். தம்பி, நான் அடக்கமாகத்தான் தின்னவேண்டும் என்றிருந்தேன். முதல் வாய் வைத்ததும் அந்த நறுக். பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுடுசோற்றில் அந்தச் சாறு இறங்கி, நல்லெண்ணெய் மினுங்க, தண்டைக் கடித்து இலையைச் சுருட்டி... இரண்டாம் தரம் வாங்கினேன். மூன்றாம் தரமும் வாங்கினேன். பெண்டாட்டி படத்தில் இருந்து பார்க்கிறாள், நான் வழித்துத் தின்கிறேன். என் வெட்கம் அதுதான் தம்பி. அது மட்டும்தான் என்றுதான் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் கரண்டியோடு நின்று கேட்டாள். "புரட்டாசி அமாவாசைக்கும் படைக்கோணுமுங்களே மாமா. அன்னைக்கு இதோட இன்னும் நாலு பதார்த்தம் சேத்திப் பண்ணிப்போடறேன். அத்தைக்கு வேற என்னென்ன புடிக்குமுங்க?"

"கொள்ளுப் பருப்பு" என்றேன், வாயில் சோற்றோடு.

"அது உனக்கு" என்றாள் பழனாத்தாள்.

"எள்ளுருண்டை."

"அதும் உனக்குத்தான். ஒவ்வொரு லைனுக்கும் டப்பாவுல போட்டுக் குடுத்து உடுவா."

"அரிசியும் பருப்புஞ் சாதம்."

"அது உன்ற பையனுக்கு."

"கோழிக் கொழம்பு, பழனாத்தா! அது யாருக்குத்தான் புடிக்காது?"

"நீ வண்டிய உட்டு எறங்குற அன்னைக்குக் கோழி அடிப்பா. காலும் நெஞ்சும் உனக்கு, ஈரல் கதிரேசனுக்கு. அவளுக்கு என்ன மிஞ்சுச்சுன்னு சட்டியத்தான் கேக்கோணும்." தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "சரி, இந்தக் கீரைக்கு வா. நீ சொன்ன கதையெல்லாம் அம்மிணி சொன்னா. கௌஹாத்தியில இருந்து நீ வீடு வந்து சேர எத்தனை நாள் ஆவும்? வெயில்ல கேபின் மேல கட்டுன தழை அழுவி நாறியிருக்காது? புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமாண்ணா? உனக்குத் திங்கோணும்னா, எனக்குத் திங்கோணும்னு சொல்றது. செத்தவ பேரைச் சொல்லி, வயித்துப் பிள்ளைக்காரிய மலையேத்தி எறக்கியிருக்கறயே!"

கதிரேசன் கையை இலையில் வைத்தபடியே இருந்தான். நான் சுகிர்தாவைப் பார்க்கவில்லை. கரண்டியில் இருந்து சாறு தரையில் சொட்டுவது மட்டும் தெரிந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் என் இலையில் மிச்சக் கீரையையும் வைத்தாள். "உங்களுக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே பண்ணியிருப்பேனுங்களே மாமா" என்றாள். பிறகு, "அத்தைக்கு நெசமா என்ன புடிக்கும்னு மட்டும் சொல்லுங்க. அதைப் பண்ணிர்றேன்" என்றாள்.

வாயைத் திறந்தேன் தம்பி.

ஒன்றும் வரவில்லை.

என் வண்டிக் கிளீனர் ஒருத்தன் ஒரிசாக்காரன், அவனுக்குப் பச்சை மிளகாயைக் கடித்தால்தான் சோறு இறங்கும். தன்பாத் பக்கத்தில் தாபா வைத்திருந்த சர்தாருக்குத் தன் கடைச் சாப்பாடே பிடிக்காது, நான் கொண்டுபோகிற புளிச்சோற்றுக்குக் காத்திருப்பான். என் வண்டி ஓனருக்கு நாட்டுச் சர்க்கரை போட்ட காப்பி. எனக்கு எல்லாம் தெரியும். யாரைக் கேட்டாலும் சொல்வேன். பாவாயி தின்பதை நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் தின்று முடித்தபிறகு அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். மடியில் ஒரு தட்டு இருக்கும். தட்டு தெரிகிறது. வளையல் தெரிகிறது. தட்டில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. எத்தனை தரம் எட்டிப் பார்த்தாலும் தட்டு காலியாகத்தான் இருக்கிறது.

"கதிரேசா, நீ சொல்றா" என்றேன்.

"அம்மா திங்கறதை நான் பாத்ததே இல்லீங்கப்பா" என்றான். எனக்குக் கோபம் வந்தது. என்ன பிள்ளை இவன்? பெற்ற தாய்க்கு என்ன பிடிக்கும் என்றுகூடத் தெரியாமல் வளர்ந்திருக்கிறான் பாருங்கள்.

பழனாத்தாளைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. அதுதான் அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய அதிசயம்.

பாவாயி ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை தம்பி. கேட்டிருந்தால் வாங்கி வந்திருக்க மாட்டேனா? இந்தியா முழுக்கச் சுற்றினவன். அப்படிப் பார்த்தால் தப்பு அவள் பேரிலும் கொஞ்சம் இருக்கிறது இல்லையா? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? சரி. இல்லை. அவள் பேரில் இல்லை.

எழுந்து கை கழுவப் போனபோது சுகிர்தா பின்னால் வந்து சொன்னாள். "அமாவாசைக்கு இலையில ஒரு மூலையக் காலியா உட்டுர்றேனுங்க மாமா. நீங்க ஞாபகம் வந்து சொன்னா, அதைப் பண்ணி அங்க வெக்கறேன். ஞாபகம் வர்லீன்னாப் பரவால்லீங்க. காலியாவே இருக்கட்டும்."

அமாவாசை வருகிற வாரம்.

இதைத் தெரிந்த ஒரே ஆள் பாவாயியின் அக்கா செல்லாயி. பூலாம்பட்டியில் இருக்கிறாள், முட்டிவலி, திதிக்கு வர முடியவில்லை. சேர்ந்து வளர்ந்தவர்கள், ஒரே தட்டில் தின்றிருப்பார்கள். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. போன வாரம் அங்கே போனேன். மோர் கொடுத்தாள். "தங்கச்சி திதி நல்லாப் பண்ணுனீங்களா?" என்று கேட்டாள். "ஊரே தெரண்டு வந்துருச்சு" என்றேன். பிறகு எப்படிக் கேட்பது? உன் தங்கச்சியோடு ஒரு ஆயுசு குடும்பம் நடத்தினேன், அவளுக்கு என்ன பிடிக்கும் சொல்லு என்றா? மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். முந்தாநாளும் போனேன். பஸ் ஸ்டாப் டீக்கடையைத் தாண்டிக் கால் போகவில்லை.

இன்றைக்கு நீங்கள் கண்டக்டரிடம் பூலாம்பட்டி டிக்கெட் கேட்டது காதில் விழுந்தது. தோள்பையில் கரண்டு ரீடிங் எடுக்கிற மெஷினும் எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் அத்தனை சீட்டுக் காலியாக இருக்க உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லா வீட்டு வாசலுக்கும் போகிறவர். காவிரிப் படித்துறைக்கு இறங்குகிற வழியில் இடதுபக்கம் ஓட்டு வீடு. மீட்டரைப் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். கொடுப்பாள். அப்போது, "ஏனுங் ஆத்தா, உங்க தங்கச்சி பாவாயிக்கு வாய்க்கு என்னங்க புடிக்கும்?" என்று கேளுங்கள். எதற்கென்று கேட்டால், கரண்டு ஆபீசில் ஒரு புதுக் கணக்கெடுப்பு, வீட்டுக்கு வீடு பெரியவர்களுக்குப் பிடித்த பதார்த்தத்தை எழுதிக்கொண்டு...

வேண்டாம் தம்பி. வேண்டாம். இதில் ஒரு பொய்யும் வேண்டாம். பஸ்ஸில் ஒருத்தர் கேட்கச் சொன்னார் என்று சொல்லுங்கள். யார் அவர் என்றால் பேர் தெரியாது என்று சொல்லுங்கள். நிஜம்தானே? இவ்வளவு நேரத்தில் என் பேரை நான் சொன்னேனா? எல்லோர் பேரையும் சொன்னேன், என் பேரை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் என்ன சொன்னாலும் சரி. பழையசோறும் சுட்ட கருவாடும் என்றாலும் சரி. நான் ஸ்டாப்பில் அந்த டீக்கடை பெஞ்சிலேயே இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். வந்து காதோடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், போதும். கேட்டது யார் என்று மட்டும், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.